கோடு விழுந்த ஸ்கர்ட்

ஜூன் 17, செவ்வாய்

மஞ்சுவை வகுப்புக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். பள்ளிக்கூடம் திறந்து இரண்டாம் நாள். ஒன்பதாம் வகுப்புப் பெண்ணை, வராந்தாவில், மழைச் சாரலில், நான்கு பீரியடு. அவள் செய்த குற்றம்: வளர்ந்தது.

விவரத்தை இன்றே எழுதி வைக்கிறேன். பிறகு யாரும் மாற்றிச் சொல்லக் கூடாது.

எதிர் வீட்டு இசக்கியின் மகள் மஞ்சு. ஸ்கர்ட் நான் தைத்தது. ஏழாம் வகுப்புக்குத் தைக்கும்போதே இசக்கி, "மூணு வருசத்துக்கு வாற மாதிரி தைங்க மாமா" என்றாள். தாராவியில் யூனிஃபார்ம் தைக்க வரும் எல்லாத் தாயும் சொல்வதுதான். ஆறு விரல் துணியை உள்ளே மடித்துத் தைத்தேன். எட்டாவதில் பாதி இறக்கினேன். போன வாரம் மீதி. வெளியே இருந்த துணி வெயிலிலும் சோப்பிலும் வெளுத்துப் போயிற்று. உள்ளே இருந்தது இன்னும் அடர் நீலம். ஆகவே இப்போது ஸ்கர்ட்டில் மூன்று நீலம், நடுவில் இரண்டு கோடு.

இந்த வருடம் புது விதியாம். யூனிஃபார்ம் முழுக்க ஒரே நிறமாக இருக்க வேண்டும். வெளுப்பு, ஒட்டு, கோடு கூடாது. அச்சடித்த புத்தகத்தில் இருக்கிறது.

மஞ்சு சொன்னது: "யாரும் அடிக்கல தாத்தா. டீச்சர், 'யே க்யா, தீன் கலர்?'ன்னாங்க. மூணு கலராம். பின்னால ஒருத்தன் ஜீப்ரான்னான். அவ்ளோதான். நான் இனிமே போகல."

அழவில்லை. அழுதிருந்தால் தேவலை.

வீட்டுக்காரி பாக்கியம் சோறு வைத்தாள். "நீரு ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கீரு? ஒம்ம தையலையா குத்தம் சொன்னாவ?"

ஆமாம். என் தையலைத்தான்.

தார்ப்பாய் மூலையில் ஒழுகல். பக்கெட் வைத்திருக்கிறது. ப்ரெஷர் மாத்திரை மறந்தேன்.

ஜூன் 18, புதன்

மழை விட்டு விட்டு. குடைக் கம்பி ஒன்று போயிற்று.

பள்ளிக்கூடம் போனேன், தனியாக. இசக்கி தோல் பைப் பட்டறையில் பசை ஒட்டுகிறவள். ஒரு நாள் போகாவிட்டால் அந்த இடத்தில் வேறு ஆள் உட்கார்ந்திருக்கும். ஒரு மணி நேரம் பெஞ்சில் இருந்தேன். பிறகு சூப்பர்வைசர் அம்மா (ஹெட்மாஸ்டருக்கு அடுத்தவர், இனி சூ.அ.) கூப்பிட்டார். மாட்டுங்காக்காரர். சின்ன டீச்சராக வந்த நாளிலிருந்து தெரியும். மரியாதை குறையாதவர்.

"உக்காருங்கோ மாஸ்டர். எதுக்கு வந்தேள்னு தெரியும்."

"தெரிஞ்சா சரி. வெளிய நிறுத்துன பிள்ளைய உள்ள கூப்பிடுங்க."

"இந்த ஸ்கூலுக்கு யூனிஃபார்ம் வேணும்னு மனு எழுதிண்டு வந்ததே நீங்கதானே?"

உண்மை. அதையும் எழுத வேண்டும். என் மகன் துரை அங்கே படித்த காலத்தில் யூனிஃபார்ம் கிடையாது. அவனவன் வீட்டுச் சட்டை. நான் வாடிக்கைக்காரர் துணியில் மிஞ்சின துண்டுகளைச் சேர்த்து அவனுக்குச் சட்டை தைப்பேன். ஒரு கை பச்சை, ஒரு கை காப்பிக் கலர். பையன்கள் சிரித்தார்கள். அவன் சட்டையைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு பனியனோடு வீட்டுக்கு வந்தான். அன்றைக்கு முடிவு செய்தேன். நான் மூன்றாம் வகுப்பு. மீதிப் படிப்பெல்லாம் துணி சுற்றி வந்த பழைய பேப்பரில் படித்தது. அந்த மனுவை எழுதி முடிக்கப் பதினொரு நாள். தெருத் தெருவாகக் கையெழுத்தும் கைநாட்டும் வாங்கினேன்.

சூ.அ. அதில் ஒரு வரியை இன்னும் மனப்பாடமாக வைத்திருக்கிறார். "'பிள்ளையைப் பார்த்தால் எந்த வீட்டுப் பிள்ளை என்று தெரியக் கூடாது.' அன்னிக்கு எல்லாருக்கும் நான்தான் படிச்சுக் காட்டினேன். இப்ப அந்தக் கோடு என்ன பண்றது மாஸ்டர்? எந்த வீட்டுப் பொண்ணுன்னு காட்டிக் கொடுக்கறது. நீங்க கேட்டதைத்தான் நாங்க செய்யறோம்."

வாய் அடைத்தது என்று எழுத மாட்டேன். யோசிக்க நேரம் வேண்டியிருந்தது.

பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார். "நான் கல்நெஞ்சக்காரி இல்லை. என் கைக்காசுல ஒரு புது ஸ்கர்ட் வாங்கித் தரேன். யாருக்கும் தெரிய வேண்டாம்."

"வேண்டாம். இவளுக்கு நீங்க வாங்கித் தருவீங்க. மத்த பிள்ளைங்களுக்கு?"

"மத்தவா யாரும் வந்து கேக்கலையே."

எழுந்து வந்துவிட்டேன். டீ கொடுத்திருந்தார், பாதியில் வைத்துவிட்டேன். நல்ல டீ.

ஜூன் 19, வியாழன்

மழை இல்லை. புழுக்கம்.

இசக்கியிடம் நடந்ததைச் சொன்னேன். சூ.அ. வாங்கித் தருகிறேன் என்றதையும் சொன்னேன். மறைக்க எனக்கு ஒன்றுமில்லை. அவள் கையில் இருந்த தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்தாள்.

"வேண்டாம்னா சொன்னீங்க? என்னட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா மாமா?"

"பிச்ச வாங்கவா சொல்லுத?"

"பிச்சயோ கிச்சயோ, எம்பிள்ள உள்ள உக்காந்திருக்கும்லா. ஒங்க வீம்புக்கு அவ வெளிய நிக்கணுமா? அவ அப்பா போன்ல என்ன சொல்லுதாரு தெரியுமா? படிச்சது போதும், ஒங்கூட பட்டறைக்குக் கூட்டிட்டுப் போன்னு சொல்லுதாரு."

ஆறுமுகம் அம்பர்நாத்தில் ஃபாக்டரி வேலை. ஞாயிற்றுக்கிழமைதான் வருவான். சொன்னால் செய்கிறவன்.

அவள் கேட்டதில் ஒரு பாதி நியாயம். கேட்காமல் வேண்டாம் என்றது தப்பு. வேண்டாம் என்றது தப்பில்லை.

மஞ்சு இரண்டாவது நாளாக வீட்டில். பாத்திரம் தேய்க்கிற சத்தம் காலையிலிருந்து. அவ்வளவு பாத்திரம் அந்த வீட்டில் கிடையாது.

துரை கல்யாணிலிருந்து பேசினான். "விடுங்கப்பா. அன்னிக்கு நீங்க யூனிஃபார்ம் வாங்கிக் கொடுத்ததாலதான் நான் நிம்மதியாப் படிச்சேன். இப்ப நீங்களே எதுக்கறீங்களா?" எதிர்க்கவில்லை என்றேன். "அப்ப என்னதான் சொல்றீங்க?" டவர் போயிற்று. நல்லதாயிற்று. என்ன சொல்கிறேன் என்று எனக்கே இன்னும் பிடிபடவில்லை.

கண் சொட்டு மருந்து தீர்ந்தது. வாங்க வேண்டும்.

ஜூன் 20, வெள்ளி

விடியும்போது பலத்த மழை.

பிடிபட்டது. பல் தேய்க்கும்போது.

என் மனுவில் கேட்டது சரி, அந்த வரிதான் தப்பு. எந்த வீட்டுப் பிள்ளை என்று தெரியக் கூடாது என்று ஏன் எழுதினேன்? தெரிந்தால் என்ன? தெரிந்தாலும் சிரிக்கக் கூடாது என்றல்லவா எழுதியிருக்க வேண்டும். சிரிக்கிறவனை விட்டுவிட்டு, சிரிப்புக்கு ஆளானவனை மூடி மறைக்கச் சொன்னேன். நான் சொன்னதைத்தான் இவர்கள் கடைசி வரைக்கும் கொண்டுபோயிருக்கிறார்கள்.

இனி என் கட்சி இது. யூனிஃபார்ம் கட்டாயம் என்றால் வருடா வருடம் பள்ளிக்கூடமே தரட்டும், எல்லாப் பிள்ளைக்கும், கார் வைத்திருக்கிறவன் பிள்ளைக்கும் சேர்த்து. தர முடியாது என்றால் நாங்கள் எத்தனை வருடம் உடுத்த முடியுமோ அத்தனை வருடம் உடுத்துவோம், கோட்டோடு. அதுவும் ஆகாது என்றால் யூனிஃபார்மே வேண்டாம், பிள்ளை எதில் வருகிறதோ அதில் படிக்கட்டும். சட்டம் அவர்களுடையது, துணி எங்களுடையது என்கிற ஏற்பாட்டுக்குச் சமத்துவம் என்று பெயர் வைக்கக் கூடாது.

உடனே மஞ்சுவிடம் போய்ச் சொன்னேன். தலை நிமிர்ந்து அதே ஸ்கர்ட்டில் போ என்றேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"தாத்தா, நீங்க அந்த ஸ்கர்ட்டப் போட்டுட்டு தொண்ணூறடி ரோட்டுல நடங்க. ஒங்கள ஜீப்ரான்னு எவனாச்சும் சொல்றானான்னு பாப்போம். அப்புறம் நான் போறேன்."

பாக்கியம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்குக் கோபம். கொஞ்ச நேரம் கழித்து இல்லை.

"சரி, நீ சொல்லு. என்ன செஞ்சா போவ?"

நிறைய நேரம் நகத்தைக் கடித்தாள். "தனியா நிக்க மாட்டேன். அஞ்சு பேரு அப்படி வந்தா வருவேன். க்ளாஸ்ல நெறைய பேரு இருக்காளுக தாத்தா. மடிப்ப இறக்காமலே குட்டையா போட்டுட்டு வருதாளுக. கோடு தெரியாதுல்ல. அதுக்கு முட்டி தெரியுதுன்னு தனியா திட்டு."

இது எனக்குத் தெரியாது. தைத்துக் கொடுத்தவனுக்கே தெரியாது.

ஜூன் 21, சனி

தூறல். முழங்கால் வலி.

காலை ஏழிலிருந்து அலைச்சல். அளவுப் புத்தகத்தைப் பார்த்து, அந்தப் பள்ளிக்கூடத்துக்கு நான் தைத்த வீடுகள் மட்டும்.

முதல் வீடு: "நமக்கு எதுக்கு மாஸ்டர் வம்பு. பேர வெட்டிட்டா?" கதவைச் சாத்தவில்லை, ஆனால் சாத்தின மாதிரிதான்.

இரண்டாவது: சரி.

மூன்றாவது: புருஷனைக் கேட்க வேண்டும். புருஷன் உள்ளேதான் இருந்தான். கேட்டுச் சொன்னாள்: சரி.

நான்காவது: புதிது வாங்கிவிட்டார்கள். வாங்கின கதையை அரை மணி நேரம் சொன்னாள். முடியாது.

ஐந்தாவது: ஒரு பெண் தானே வந்து வாசலில் நின்று, அம்மாவை முந்திக்கொண்டு, "நான் வாரேன்" என்றாள். அம்மா அவள் மண்டையில் ஒரு தட்டு தட்டிவிட்டு, "வருவா" என்றாள்.

ஆக மஞ்சுவோடு நாலு. ஒன்று குறைகிறது. மத்தியானம் வரை யாரும் இல்லை. வடா பாவ் தின்றேன், பாக்கியத்திடம் சொல்லவில்லை.

கடைசியாக ஜைனம்பு வீடு. கடையநல்லூர்க்காரி. அவள் மகளுக்கும் புதிது வாங்கியாயிற்று. சரி, வருகிறேன் என்று எழுந்தேன்.

"இருங்க மாஸ்டர். பழசு பெட்டிக்குள்ளதான் கெடக்கு. நீங்க தச்சதுதான். மடிப்ப இறக்கிக் கொடுங்க, திங்கக்கெழம அதையே போட்டு அனுப்புதேன்."

"புதுசு இருக்கும்போது எதுக்கும்மா?"

"புதுசு வாங்க எந்த வளையலு போச்சுன்னு எனக்குத்தான தெரியும். அந்தக் கோவம் எனக்கு இருக்காதா?"

அங்கேயே உட்கார்ந்து பிரித்தேன். பிளேடு அவள் கொடுத்தாள். உள்ளே இருந்த துணி புத்தம் புதிதாக இருந்தது. கோடு மஞ்சுவுடையதைவிட நன்றாகத் தெரிகிறது.

ஐந்து.

ஜூன் 22, ஞாயிறு

மழை இல்லை. வெயில் கூட அடித்தது.

காலையில் மனு. நான் தமிழில் சொல்லச் சொல்ல மஞ்சு இங்கிலீஷில் எழுதினாள். அவளுக்குத் தமிழ் படிக்கத் தடுமாறும், காதால் கேட்டால் எல்லாம் புரியும். "தாழ்மையுடன் வேண்டிக்கொள்கிறோம்" என்று தொடங்கினேன். பேனாவை வைத்துவிட்டாள்.

"எதுக்குத் தாத்தா தாழ்மை? நாம என்ன திருடுனோமா?"

"மனுன்னா அப்படித்தான் எழுதணும்."

"யாரு சொன்னா?"

யாரும் சொல்லவில்லை. பழைய பேப்பரில் படித்தது. எடுத்துவிட்டோம். "கேட்கிறோம்" என்று மட்டும். மொத்தம் ஒன்பது வரி. போன தடவை பதினொரு நாள், இந்தத் தடவை ஒரு மணி நேரம். இசக்கி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். வியாழக்கிழமைக்கு அப்புறம் என்னோடு பேசாதவள், "ஏட்டி, எழுத்து கோணாம எழுது" என்று மகளிடம் சொன்னாள். எனக்கும் ஒரு டம்ளர் காப்பி.

பதினொரு மணிக்கு ஆறுமுகம் வந்தான். சாப்பிட்டான். சாப்பிட்டுவிட்டு இசக்கியிடம் சொன்னது எங்கள் வாசல் வரைக்கும் கேட்டது: "மொதலாளிட்டப் பேசியாச்சு. நாளைக்கே ஒங்கூட வரட்டும். நாலு நாளா வீட்டுல சும்மாதான கெடக்கா." பிறகு இசக்கி தட்டு கழுவுகிற சத்தம். எழுதின மனு என்னிடம்.

ஆக நாளைக்கு அவள் பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பட்டறையில். இரண்டில் ஒன்று. இன்னொரு நாள் கிடையாது.

நாளை செய்ய வேண்டியது, யார் யார்:

ஜைனம்பு — மற்ற மூன்று பெண்களையும் சேர்த்துக்கொண்டு ஆறரைக்கு முனையில் நிற்க வேண்டும். முதல் வீட்டுக்காரியைத் திரும்பக் கேட்க வேண்டாம். அவள் பயம் அவளுக்கு.

இசக்கி — ஸ்கர்ட்டை இஸ்திரி போட வேண்டும். கோட்டின் மேல் அழுத்திப் போட வேண்டாம், போகாது, துணிதான் பளபளக்கும். அரை நாள் பட்டறைக்குச் சொல்லிவிட வேண்டும்.

பாக்கியம் — பெண்களுக்கு இட்லி கட்டித் தருகிறேன் என்றாள். நான் கேட்கவில்லை. தரட்டும்.

நான் — மனுவைக் கொடுத்து, வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்க வேண்டும். கத்தக் கூடாது. சூ.அ. டீ கொடுத்தால் குடிக்க வேண்டும், முழுக்க.

சூ.அ. — ஐந்து பேரையும் முதல் பீரியடுக்கே உள்ளே விட வேண்டும். கோடு கூடாது என்கிற வரியை விதிப் புத்தகத்திலிருந்து அடிக்க வேண்டும். கமிட்டி கூடட்டும் என்றால் கூடட்டும். அதுவரை காத்திருக்க வேண்டியது விதி, பிள்ளைகள் இல்லை. மறுபடி புது ஸ்கர்ட் பேச்சை எடுத்தால் ஒன்று என்று சொல்லாமல் ஐந்து என்று சொல்ல வேண்டும், பிறகு பள்ளிக்கூடம் முழுவதற்கும் என்று சொல்ல வேண்டும்.

வகுப்பு டீச்சர் — சிரிக்கிறவனை எழுப்பி நிறுத்த வேண்டும்.

மஞ்சு — ஒன்றுமில்லை. பெஞ்சில் உட்கார வேண்டும்.

ஆறுமுகம் — முதலாளியிடம் பேசினதைத் திரும்பப் பெற வேண்டும். ஃபாக்டரிக்கு ஒரு நாள் லீவு சொல்லிவிட்டு, காலையில் பள்ளிக்கூட வாசலில் வந்து நிற்க வேண்டும். இதை அவனிடம் இன்னும் யாரும் சொல்லவில்லை. இசக்கி பயப்படுகிறாள். நான்தான் சொல்ல வேண்டும். கிரிக்கெட் பார்க்கிறான், கதவு திறந்துதான் இருக்கிறது. போகிறேன்.