கடைசி வரிசையில் கேட்ட கிடார்

போன வாரம் காஞ்சிபுரத்துக் கடை ஒன்றில் கிடார் சத்தத்தை விதவிதமாக மாற்றித் தரும் புது ப்ராசஸர் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைக்காரர் அதில் ஒயரைச் சொருகி, ஹெட்போனை என் தலையில் மாட்டிவிட்டார். அந்தப் பஞ்சு மெத்தை காதில் அழுந்தியதும் உன் நினைப்பு வந்துவிட்டது. "ஹெட்போன்ல எல்லாம் தேனாத்தான்டா கீது. பாக்ஸ்ல வரட்டும், தெரியும் சேதி" என்பாயே, அந்தக் குரல்.

நான் கிடார், நீ மைக் செட். ஒரே காலனி, ஒரே பள்ளிக்கூடம். நம் குழு சர்ச்சில் வாசித்தாலும் காதுகுத்தில் வாசித்தாலும் உன் செட்டுதான். என் முதல் ப்ராசஸரை வாங்கிய புதிதில் வீட்டில் ஹெட்போனோடு உட்கார்ந்து, எதிரொலி, கார்வை கூட்டும் ரிவெர்ப் என்று இருக்கிற எல்லாவற்றையும் அள்ளிப் போட்டு ஒரு சத்தம் செய்தேன். ஏதோ பெரிய ஸ்டுடியோவில் இருப்பதாக எனக்கு நினைப்பு. தென்னேரிப் பக்கம் ஒரு கல்யாணத்தில் அது உன் ஸ்பீக்கர் பாக்ஸ் வழியாகக் கூழாக வந்தது. "இன்னாடா, கெணத்துல உயுந்துட்டு வாசிக்கிற மாறி கீது?" என்று கேட்டாய். பந்தியில் இருந்தவர்கள்கூடச் சிரித்தார்கள். நீயே மேடையேறி, ஒவ்வொன்றாக அணைத்து, ரிவெர்பை மட்டும் கொஞ்சம் விட்டுவைத்தாய். அன்றைக்கு எனக்குக் கோபம்தான் வந்தது. வாசித்தபோதுதான் என் கிடாரில் இத்தனை தந்திகள் இருப்பதே தெரிந்தது.

உனக்கென்று ஒரு பழக்கம் உண்டு. முதல் பாட்டு தொடங்கியதும் சத்தத்தைச் சரிசெய்யும் மிக்சரை விட்டு எழுந்து, தோளில் துண்டோடு கடைசி வரிசை வரைக்கும் நடந்து போவாய். அங்கே நின்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்து ஏதாவது ஒரு குமிழைத் திருப்புவாய். "முன்னாடி குந்திக்கினு கீறவனுக்கு எப்டியும் கேக்கும்டா" என்பாய்.

சாலவாக்கம் அருகே சர்ச்சின் அந்த அறுவடைப் பண்டிகையை எப்படி எழுதுவது? ஏரிக்கரையை ஒட்டிய திறந்த மைதானம். நீ நடந்துவிட்டு வந்து, கூர்மையான சத்தத்துக்கான ட்ரெபிளை ஏற்றினாய். என் காலடியில் இருந்த மானிட்டர் ஸ்பீக்கரிலிருந்து கிடார் சத்தம் ஊசியாக ஏறியது. குறைக்கச் சொல்லி மூன்று முறை கை காட்டினேன். நீயோ கடைசி வரிசையைக் காட்டி, அங்கே வந்து கேள் என்று சைகை செய்தாய். கிடாரும் ஒயருமாக நிற்பவன் எப்படி வருவது? கொஞ்ச நாளாகவே உனக்குக் காது மந்தமாகிவிட்டது என்று எனக்கொரு சந்தேகம். வாய்க்கு முன்னால் மைக் இருந்தது. "காது போச்சின்னா வூட்ல குந்து. வேற ஆளு பாத்துக்கும்" என்றேன். நீ கட்டிய பாக்ஸ்களே அதை ஊர் முழுக்கச் சொல்லின.

ட்ரெபிளைக் குறைத்தாய். கடைசிப் பாட்டு வரைக்கும் உட்கார்ந்திருந்தாய். ஒயர்களைச் சுற்றி வண்டியில் ஏற்றிக்கொண்டு போனாய். அதற்குப் பிறகு நம் குழுவுக்கு நீ வரவேயில்லை. நானும் உன் வாசலுக்கு வரவில்லை. ஐந்தே மாதத்தில் நெஞ்சுவலி என்று உன்னைக் கொண்டுபோனார்கள், வழியிலேயே முடிந்துவிட்டது. சாவுக்கு வந்து ஓரமாக நின்றேன். இந்த இரண்டு வருஷமும் என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். சொன்ன விதம்தான் தப்பு, சொன்னது உண்மைதானே என்று.

உன் செட்டை இப்போது உன் மனைவிதான் நடத்துகிறாள், தெரியுமா? போன மாதம் அவளாகவே வந்து, "நம்ம குழுவுக்கு நானே கட்றேண்ணா" என்றாள். என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. சரி என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

கடையில் நூறு விதமான சத்தம் இருக்கிறது என்று ஒரு ப்ராசஸரைக் காட்டினார்கள். வேண்டாம் என்று, வாசித்ததைப் பதிந்து திரும்பத் திரும்ப ஒலிக்கவிடும் லூப்பர் உள்ள சின்னதை எடுத்தேன். நம் இரண்டாவது கிடார்க்காரன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டான், அந்த இடத்தை இதை வைத்து நிரப்பலாம் என்று கணக்கு.

நேற்று அதே ஏரிக்கரை மைதானத்தில் வாசிப்பு. மாலை ஆராதனைக்கு முன்னால் ஒத்திகை பார்த்தோம். மானிட்டரில் மறுபடியும் அதே ஊசிச் சத்தம். "ட்ரெபிள் ஜாஸ்தியா கீதும்மா" என்றேன். "இந்த எடத்துக்கு அவுரு வெச்ச மாறியே வெச்சிக்கீறேண்ணா. மிக்சர்ல பிளாஸ்திரி ஒட்டி எய்திக்கீறாரு. ஒருவாட்டி போய் கேட்டுட்டு வந்து சொல்லு" என்றாள்.

பாட்டில் எட்டு வரி வாசித்து லூப்பரை மிதித்தேன், அதுவே திரும்பத் திரும்ப ஒலிக்க ஆரம்பித்தது. கிடாரைக் கழற்றி வைத்துவிட்டு இறங்கி நடந்தேன். வாசிக்க ஆரம்பித்து இருபது வருஷத்தில், என் கிடாரைத் தூரத்தில் நின்று கேட்பது அதுதான் முதல் முறை.

கடைசி வரிசையில் காற்று பாதியைத் தின்றுவிடுகிறது. ஊசியெல்லாம் அங்கே வரவேயில்லை. ஒவ்வொரு தந்தியும் தனித்தனியாக, தெளிவாக, மெதுவாகக் கேட்டது. மூன்று பாட்டிமார் உட்கார்ந்து அதற்குத் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். உன் காது நன்றாகத்தான் இருந்திருக்கிறது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தபோது உன் மனைவி குமிழில் கை வைத்துக் காத்திருந்தாள்.

"இன்னாண்ணா, கொறைக்கட்டுமா?"

"வேணாம்மா. சரியாத்தான் கீது."

அந்தக் கடைசி இரண்டு வார்த்தைதான். உன்னிடம் சொல்லியிருக்க வேண்டியது.