மூன்றாவது தடவை வெட்டிய பிறகு

நாரின், மே 14

என் கண்ணே பெகாயிம்,

சியோலில் நீ வேளைக்குச் சாப்பிட்டு, சளி இருமல் இல்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் நலம், வழக்கத்துக்காக எழுதவில்லை, நிஜமாகவே நலம். கோபப்படாமல் படி. அப்பாவின் தோளுக்குக் கீழே ஊதா நிறத்தில் ஒரு கட்டி இருந்ததே, மூன்று வருடம் முன்பு கொழுப்புக் கட்டி என்று வெட்டி எடுத்தார்களே, அது அதே இடத்தில் திரும்ப வந்துவிட்டது. வேன் ஓட்டும்போது சீட் பெல்ட் அழுத்துகிறதென்று கைக்குட்டையை மடித்து உள்ளே வைத்துக்கொண்டு ஓட்டியிருக்கிறார், எனக்கே தெரியாது. கண்டுபிடித்தது பிஷ்கேக்கில் முன்சீட்டில் பயணியாக ஏறிய நுர்சாத் என்ற பெண், தோல் புற்றுக்கு அறுவை செய்யும் டாக்டராம். கைக்குட்டை எதற்கென்று கேட்டுவிட்டு, அந்தக் கட்டியைக் கொஞ்சம் காட்டுங்கண்ணே என்றாளாம். ஏறுறவங்களுக்கெல்லாம் சட்டையக் கழட்டிக் காட்டினா வண்டி எப்பம்மா ஊர் போய்ச் சேரும் என்றாராம் இவர். நாரின் வந்த பிறகும் காட்டினால்தான் இறங்குவேன் என்று அவள் உட்கார்ந்துவிட, கடைசியில் காட்டினார்.

சோதித்ததில் பல லட்சம் பேரில் ஒருவருக்கு வரும் தோல் புற்றுக்கட்டி என்று தெரிந்தது. வேறு இடத்துக்குப் பரவுவது அபூர்வம், ஆனால் தோலுக்கடியில் வேர்விட்டுப் போகும், ஒரு வேர் மிஞ்சினாலும் மறுபடி வரும் என்று நுர்சாத் படம் வரைந்து காட்டினாள். உனக்குப் பரீட்சை, அது முடியும்வரை சொல்லக் கூடாது என்று அப்பா என்னிடம் சத்தியம் வாங்கிவிட்டார். நான் குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்தில் அழுதேன். போன செவ்வாய்க்கிழமை நுர்சாத்தின் ஆஸ்பத்திரியில் அறுவை. மரத்துப்போக ஊசி போட்டு வெட்டினார்கள், வெட்டியதை மைக்ரோஸ்கோப்பில் பார்த்து, வேர் தெரிந்த பக்கம் மட்டும் மறுபடி வெட்டினார்கள். முதல் தடவை இரண்டு பக்கமும் வேர், அடுத்த தடவை கழுத்துப் பக்கம் கொஞ்சம். நடுவே காத்திருக்கும்போது, இவங்க தோண்டுற தோண்டுல முதுகு வழியா வெளிய வந்துருவாங்க போலருக்கு சைரகான் என்று அப்பா என்னைப் பார்த்துச் சிரித்தார், ஆனால் என் கையை விடவில்லை. மூன்றாவது தடவை நுர்சாத் வந்து, ஓரமெல்லாம் சுத்தம்ணே, ஒரு வேரும் இல்ல என்றாள். உன் அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அப்புறம், பசிக்குது என்றார்.

தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டியிருக்கிறார்கள், நன்றாகப் பிடித்துவிட்டது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்ட வேண்டும், அவ்வளவுதான். நேற்று மாவு பிசைந்து ஒரு சட்டி போர்சோக் பொரித்துத் தெரு முழுக்கக் கொடுத்தேன். திட்டுவதானால் என்னைத் திட்டு. அல்லாஹ் உன் பாதையை லேசாக்கட்டும், உன் நெற்றியில் முத்தம். ஒன்று மறக்காதே, அப்பா போனில் இந்தக் கதையை முதலிலிருந்து சொல்வார், பெட்ரோல் பங்க்கில்கூடச் சொல்லிவிட்டார். நீ எதுவும் தெரியாதவள் போலக் கேள்.

உன் அம்மா,
சைரகான்