கைமாறும் டப்பா

பிரியாணி மகாராசனுக்கு,

உன் சட்டையை மோந்து பார்த்தேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. பட்டை, கிராம்பு வாசனை தூக்கியது.

கம்பெனியில் உன்னோடு லைனில் நிற்கிற கொம்பையா பஸ் ஸ்டாப்பில் என்னைக் கும்பிட்டான். "மதினி, ஒங்க கீரையும் கேப்ப ரொட்டியும் எங்கம்மா கைப்பக்குவம்லா!" தை மாதம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் கிடந்தது நீயா, அவனா? உப்பையும் எண்ணெயையும் குறைத்து நான் உனக்கு ஆக்குவது அவன் வயிற்றுக்கு. அவன் வாங்கும் பிரியாணிப் பொட்டலம் உன் வயிற்றுக்கு. நல்ல சம்பந்தம்! டாக்டர் சொன்னதைக் கேட்டு அழுதவள் நான்தானே, உனக்கு எப்படி உறைக்கும்?

இந்தக் காகிதத்தை உன் சட்டைப்பையில் வைக்கிறேன். டப்பாவில் வைத்தால் அதையும் கொம்பையாவிடம் கொடுத்துவிடுவாய்.

ஆத்திரம் அடங்காமல் நேற்று ஒரகடத்துக்கே வந்தேன். கம்பெனி கேட்டில் அதே நீலச் சட்டை, அதே வழுக்கை, அதே தொப்பை. பின்னாலிருந்து காலரைப் பிடித்து, "இன்னாய்யா, என் தாலிய அறுக்கப் பாக்குறியா? இனிமே பிரியாணியத் தொட்டே, கைய ஒடிச்சிடுவேன்!" என்றேன்.

"தொடமாட்டேம்மா" என்று அவர் திரும்பினார். உங்கள் சூப்பர்வைசர்.

இப்படிக்கு,
உன் பெண்டாட்டி