குளக்கரையில் ராஜு சார்

சிந்தாதிரிப்பேட்டை,
12.10.1947

மதிப்பிற்குரிய அத்தாவுக்கு, மகன் நத்தர்ஷா அஸ்ஸலாமு அலைக்கும் சொல்லி எழுதுவது. உங்கள் மூட்டுவலி தேவலையா? அம்மா நேரத்துக்குச் சாப்பிடுகிறார்களா? வடக்கே நடக்கும் கலவரத்தைப் பத்திரிகையில் படித்துக் கலங்க வேண்டாம். இங்கே அமைதிதான்.

வெளியூர்ப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ஊரைச் சுற்றிக்காட்டிச் சரித்திரம் சொல்லும் என் வேலையும் தடையில்லாமல் நடக்கிறது. நேற்று மயிலாப்பூருக்குக் கூட்டிப்போனேன். டிராமை விட்டு இறங்கியதும் அவர்களுடைய டீச்சரம்மா என்னைத் தனியாக அழைத்து, "காலம் சரியில்லீங்க. பிள்ளைங்க கேட்டா, பேரு ராஜுன்னு சொல்லிடுங்களேன்" என்றார். நல்ல மனுஷிதான். நானும் சிரித்துக்கொண்டே தலையாட்டினேன்.

கோயில் குளக்கரையில் அந்தப் பிள்ளைகளில் ஒரு பெண், "ராஜு சார், இந்தக் குளத்துக்கு இடம் யாரு குடுத்தது?" என்று கூப்பிட்டுக் கேட்டாள். கூப்பிட்ட உடனேயே திரும்பிவிட்டேன், அத்தா. நவாப் கொடுத்தது என்று ஊரில் சொல்வதைத்தான் எப்போதும் சொல்வேன். நேற்று, "தெரியலம்மா" என்றேன்.

தொண்டை கட்டியிருக்கிறது. அம்மாவிடம் சொல்லிக் கொஞ்சம் சித்தரத்தை அனுப்புங்கள். டிராமுக்கு நேரமாகிவிட்டது, நிறுத்துகிறேன். பொட்டலத்தின் மேல் என் பெயரை முழுசாக எழுதுங்கள். இங்கே தபால்காரர் வாசலில் நின்று பெயரைச் சத்தமாகப் படித்துத்தான் கூப்பிடுவார்.

உங்கள் மகன்,
கா. நத்தர்ஷா