ஞாயிற்றுக்கிழமைக் கையெழுத்து

ஜூன் 9, திங்கள்

காலை ஏழரைக்கே வெயில். திருநகர் பஸ் ஸ்டாப்பில் பேருக்குக்கூட நிழல் இல்லை. ஹரிணிக்கு ஒன்றாம் வகுப்பு முதல் நாள். அவள் அழவில்லை. வேன் திரும்பியதும் அழுதது நான். கண்ணைத் துடைத்துக்கொண்டு கப்பலூர் கம்பெனி பஸ்ஸில் ஏறினேன்.

பள்ளியில் ஒரு தாள் கொடுத்துவிட்டிருக்கிறார்கள். "ஒன்றாம் வகுப்பு: இந்த ஆண்டு பெற்றோர் என்ன எதிர்பார்க்கலாம்?" பிரிட்ஜ் கதவில் ஒட்டியாயிற்று. அதிலிருந்து:

– பென்சில், ரப்பர், தண்ணீர் பாட்டில் தொலையும்.
– எழுத்தைத் திருப்பிப் போட்டு எழுதுவார்கள்.
– பல் விழும்.
– "மிஸ் அப்படிச் சொல்லலை" என்று நம்மைத் திருத்துவார்கள்.
– பகல் கனவு காண்பார்கள். கூப்பிட்டால் உடனே திரும்ப மாட்டார்கள். இயல்புதான், கவலை வேண்டாம்.
– பள்ளி டைரியில் பெற்றோர் தினமும் கையெழுத்திட வேண்டும்.

ஒவ்வொன்றும் நடக்க நடக்க டிக் அடிப்பதாக உத்தேசம். கடைசி வரிதான் இடிக்கிறது. தினமுமா? ஹரிணியின் அப்பா விடிவதற்கு முன்னே லோடு ஆட்டோவோடு மாட்டுத்தாவணி பூ மார்க்கெட் போய்விடுவார். எனக்கு வாரா வாரம் ஷிப்ட் மாறும்.

ஜூன் 15, ஞாயிறு

துணி இரண்டு பக்கெட். கறி எடுக்கவில்லை.

இரண்டு நாள் கையெழுத்து இல்லையென்று பிள்ளையை எழுப்பி நிறுத்திவிட்டார்களாம். என்னை நிறுத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. எரிச்சலாக வந்தது.

வழி கண்டுபிடித்துவிட்டேன். டைரியின் கடைசிப் பக்கங்களில் தேதி போட்ட கட்டங்கள் இருக்கின்றன. கையெழுத்து அங்கேதான். திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து கட்டத்திலும் இன்றைக்கே போட்டுவிட்டேன். காலையில் ஆயாம்மா கட்டம் நிரம்பியிருக்கிறதா என்று மட்டும்தான் பார்ப்பாராம். வீட்டுப்பாடம் வாட்ஸப்பில் வந்துவிடுகிறது. வேறு எதற்கு அதைப் புரட்ட வேண்டும்?

கம்பெனியிலும் இதே கதைதான். மணிக்கொரு தரம் மெஷினிலிருந்து வரும் பிளாஸ்டிக் டப்பாவைச் சோதித்து, செக்கிங் ஷீட்டில் கையெழுத்துப் போட வேண்டும். ஷிப்ட் தொடங்கும்போதே எட்டுக் கட்டத்தையும் நிரப்பிவிடுவோம். சேர்ந்த புதிதில் கூட வேலை பார்க்கும் ஜோதியக்கா சொல்லிக்கொடுத்தது: "டப்பா எங்கயும் ஓடிறாது. மொதல்ல கட்டத்த நெறப்பு."

ஜூன் 27, வெள்ளி

கீழ்ப்பல் விழுந்தது. டிக். பாட்டில் ஒன்று, ரப்பர் மூன்று தொலைந்தன. டிக். நான் சொல்லிக்கொடுத்த பாட்டு தப்பாம், மிஸ் அப்படிச் சொல்லலையாம். டிக்.

ராத்திரிச் சாப்பாட்டில் ஹரிணியின் ஸ்பூன் வாய்க்குப் பக்கத்தில் போய் அப்படியே நின்றது. கண் சுவரில். அவர் முகத்துக்கு நேராகக் கையை ஆட்டினார்.

"என்னடி தங்கம், ஒக்காந்துக்கிட்டே தூக்கமா?"

இமைகூட அசையவில்லை. பிறகு ஒன்றுமே நடக்காதது போல ஸ்பூன் வாய்க்குள் போனது. சிரித்தோம். பகல் கனவு. டிக்.

ஜூலை 8, செவ்வாய்

சாயங்காலம் மழை வரும் போல வந்து ஏமாற்றியது. ஷிப்ட் முடிந்து லாக்கரில் போனை எடுத்தால் பள்ளி நம்பரிலிருந்து இரண்டு மிஸ்டு கால். திரும்ப அடித்தேன். ஆபீஸ் அம்மா எடுத்தார்.

"எந்த மிஸ் கூப்பிட்டாங்கன்னு தெரியல மேடம். அவசரம்னா மறுபடி கூப்பிடுவாங்க."

கூப்பிடவில்லை. வீட்டுக்கு ஓடினேன். ஹரிணியோ நன்றாக ஆடிக்கொண்டிருந்தாள். விட்டுவிட்டேன்.

ஜூலை 13, ஞாயிறு

நேற்று பெற்றோர் கூட்டம். சூப்பர்வைசர் லீவு தரவில்லை. ஹரிணி அப்பாவுக்கு மல்லிகை லோடு. யாரும் போகவில்லை.

கட்டங்களில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது ஹரிணி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அம்மா, மிஸ் டைரில முன்னாடி பக்கத்துல நெறைய எழுதுறாங்க."

"குட் கேர்ள்னு எழுதுறாங்களா?"

"தெரியல. வேகமா எழுதுறாங்க. எனக்குப் படிக்கத் தெரியல."

பார்க்கலாம் என்றுதான் இருந்தேன். குக்கர் நாலாவது விசில். எழுந்து போய்விட்டேன்.

ஜூலை 24, வியாழன்

காலையில் நடந்தது தூங்க விடவில்லை. எழுதிவிட்டால் மனம் அடங்கும்.

வேனுக்காக ரோட்டைக் கடக்கும்போது நட்டநடுவில் நின்றுவிட்டாள். என் கை பிடித்தபடியேதான். இழுத்தால் வரவில்லை. ஷேர் ஆட்டோ பிரேக் அடித்து நின்றது. "ஏம்மா, சாவுறதுக்கு என் வண்டிதான் கெடச்சுச்சா?" பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓரத்துக்கு ஓடி, பயத்தில் முதுகில் ஒன்று வைத்தேன்.

"எதுக்கும்மா அடிச்ச?"

நடிப்பில்லை. நிஜமாகவே தெரியவில்லை அவளுக்கு. ஆட்டோ வந்ததே தெரியவில்லை.

ஜோதியக்காவிடம் சொன்னேன்.

"எம்புட்டு நேரம் நின்னா?"

"பத்து எண்ணுற நேரம் இருக்கும்க்கா."

"கண்ணு?"

"தெறந்துதான் இருந்துச்சு."

எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கும் அக்கா, கையிலிருந்த டப்பாவைக் கீழே வைத்தார். டீ இடைவேளையில் சொன்னார்: "தள்ளிப் போடாத. பிள்ளைக டாக்டருகிட்ட ஒரு எட்டு காட்டிரு."

ஞாயிறு டாக்டர் இருக்க மாட்டார். மற்ற நாளில் லீவு கிடையாது. சூப்பர்வைசரைக் கெஞ்சி அடுத்த மாதம் 7ஆம் தேதிக்கு ஒரு நாள் வாங்கினேன். அன்றைக்குக் காட்டிவிட வேண்டும்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

வெள்ளியன்றே வாட்ஸப்பில் செய்தி: வியாழன் ஒன்றாம் வகுப்புக்குச் சுற்றுலா. மேலூர் ரோட்டில் ஒரு தண்ணீர்ப் பூங்கா. மாற்று உடை, துண்டு. பை வேண்டாம். வியாழன் என்றால் 7ஆம் தேதி. டாக்டருக்கு வைத்த நாள்.

"தண்ணிக்குள்ளயா விடப் போறாய்ங்க?" என்றார் அவர்.

"முட்டியளவுதானாம். மிஸ் கூடவே நிப்பாங்களாம்."

டாக்டரிடம் போகலாம் என்றதற்கு ஹரிணி தரையில் புரண்டு அழுதாள். நேற்று வாங்கிய நீச்சல் உடையைக் கழற்றவே இல்லை. மனம் இளகிவிட்டது. டாக்டர் அடுத்த வாரம்.

ஐந்து கட்டம். கையெழுத்து.

ஆகஸ்ட் 7, வியாழன்

மேகமூட்டம். காற்றில்லை. ஏழு மணிக்குப் பள்ளி பஸ். ஜன்னலிலிருந்து இரண்டு கையையும் ஆட்டினாள்.

பத்தரைக்கு, பையைக் கழுவிப் போடலாம் என்று கவிழ்த்தேன். நேற்றைய சப்பாத்தி, உடைந்த பென்சில், டைரி. கடைசிப் பக்கம் அல்லாமல் வேறு பக்கம் இன்றுதான் திறந்தேன். மிஸ் எழுதியிருக்கிறார்கள்:

ஜூன் 18. வாசிக்கும்போது பாதியில் நின்றுவிட்டாள். கூப்பிட்டும் பதில் இல்லை.

ஜூன் 26. இன்று மூன்று முறை. இது பகல் கனவு போலத் தெரியவில்லை.

ஜூலை 8. போன் செய்தோம், எடுக்கவில்லை. குழந்தை மருத்துவரிடம் உடனே காட்டவும். வலிப்பின் ஒரு வகையாக இருக்கலாம்.

ஜூலை 14. கூட்டத்துக்கு வரவில்லை. தினமும் கையெழுத்திடுகிறீர்கள், பதில் மட்டும் இல்லை.

ஆகஸ்ட் 5. தண்ணீரில் இறக்கலாமா? டாக்டர் வேண்டாம் என்றிருந்தால் எழுதி அனுப்பவும். கையெழுத்து மட்டும் இருந்தால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வேன்.

ஆகஸ்ட் 6. கையெழுத்து இருப்பதாக ஆயாம்மா சொன்னார். நன்றி. அழைத்துப் போகிறோம்.

மிஸ் நம்பரை அடித்தேன். மூன்றாவது தடவை எடுத்தார்கள். தண்ணீர்ச் சத்தம், பிள்ளைகள் கூச்சல்.

"மிஸ், நான் ஹரிணி அம்மா. அவளத் தண்ணியில எறக்காதீங்க!"

"கேக்கல மேடம். ஹரிணியா? இந்தா, இங்கதான... ஒரு நிமிஷம்." யாரோ கத்துகிறார்கள். "மிஸ்! மிஸ்!" கட்.

பிறகு எடுக்கவில்லை. பள்ளி நம்பர் பிஸி.

அவருக்குச் சொன்னேன். மாட்டுத்தாவணியிலிருந்து பக்கம்தான். "நான் நேரா அங்க போறேன். நீ எங்கயும் நகராத. போன் வந்தா எடு."

10.50. போன் மடியில். கையைச் சும்மா வைத்திருக்க முடியவில்லை, அதனால் எழுதுகிறேன். என் பிள்ளை ஏழு வாரமாக நின்று நின்று போயிருக்கிறாள். நான் டிக் அடித்திருக்கிறேன்.

11.05. வரவில்லை.

11.10. டைரியின் கடைசிப் பக்கம் மடியில் திறந்து கிடக்கிறது. நாளைய கட்டத்திலும் என் கையெழுத்து.