உனக்கு இல்லாத நோய்

உறுதியான செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். உன் மகளின் இரத்தம் உன் அண்ணனுடைய இரத்தத்தோடு பொருந்துகிறது. சொன்னவள் அவளே, ஞாயிறு மாலை, போனில். மருத்துவமனை ஒருங்கிணைப்பாளர் அனுப்பிய செய்தியை வரி விடாமல் படித்தும் காட்டினாள். பெரியப்பாவுக்குச் சிறுநீரகம் கொடுக்கப் பெயர் கொடுத்திருக்கிறாள். வயது இருபத்தாறு.

பேசி முடித்த கையோடு ஒரு படம் அனுப்பினாள். தானம் கொடுக்க வருபவர்கள் நிரப்ப வேண்டிய படிவத்தில் ஒரு பக்கம். குடும்பத்தில் யாருக்காவது சிறுநீரக நோய் உண்டா என்ற கேள்விக்கு எதிரே, 'அப்பாவுக்கு உண்டு, என்ன நோய் என்று தெரியாது' என ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள். அதன் கீழே எனக்கு ஒரு கேள்வி. "அங்கிள், அப்பா எந்த டெஸ்ட்ல ஃபெயில் ஆனார்? நீங்கதான் எல்லா அப்பாயின்மென்ட்டுக்கும் டிரைவ் பண்ணீங்கன்னு அம்மா சொன்னாங்க. எனக்கும் அது இருக்குமா?"

நீ எந்த டெஸ்டிலும் தோற்கவில்லை. குடும்பத்துக்கு வெளியே அது தெரிந்தவன் நான். குடும்பத்துக்குள் அது தெரிந்தவன் நீ மட்டும்தான். நீ இறந்துபோய் இரண்டு வருடமாகிறது.

ஐந்து வருடங்களுக்கு முன், சர்க்கரை நோயால் உன் அண்ணனின் இரண்டு சிறுநீரகங்களும் நின்றுபோய், டயாலிசிஸ் தொடங்கிய மாதம். காப்பெல் நகரில் அவர் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் நீ சொன்னது ஒரே வாக்கியம். "பிளட் டெஸ்ட் எடுத்துப் பாக்கறேன் அண்ணி." அன்று மாலைக்குள் அண்ணி கோவில் வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டார். தம்பி கிட்னி கொடுக்கிறார், எல்லாரும் வேண்டிக்கொள்ளுங்கள். அடுத்த சனிக்கிழமை உன் பெயருக்கும் நட்சத்திரத்துக்கும் அர்ச்சனை நடந்தது. பிரசாத வரிசையில் முன்பின் தெரியாத ஒருவர் உன் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு கண்கலங்கினார். காரில் ஏறியதும் நீ சொன்னாய்.

"இன்னும் ஊசியே குத்தலடா. அதுக்குள்ள மாலை போட்டு நிறுத்திட்டாங்க."

"ஆட்டுக்குப் போடுவாங்களே, அந்த மாதிரியா?"

நீ சிரிக்கவில்லை.

பத்திரிகைக்கு மருத்துவச் செய்திகள் எழுதுவது என் தொழில் என்பதால் என்னிடம் வந்தாய். அச்செடுத்த தாள்களோடு வருவாய், வரிகளுக்கு அடியில் கோடு போட்டிருப்பாய். எத்தனை நாள் வேலைக்குப் போக முடியாது? மிச்சமிருக்கும் ஒன்றும் கெட்டுப்போனால்? எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். பெரும்பாலானவர்கள் நன்றாகவே இருக்கிறார்கள். ஆபத்து குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை. கொடுத்தவருக்கே பின்னாளில் சிறுநீரகம் தேவைப்பட்டால் காத்திருப்போர் பட்டியலில் முன்னுரிமை உண்டு. எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு நீ சொன்னாய், "படிச்சா தைரியம் வரும்னு நெனச்சேன். தெளிவு மட்டும்தான்டா வருது."

முழுப் பரிசோதனைக்கு முந்தைய வாரம் மூன்று வேளையும் நார்த்தங்காய் ஊறுகாயும் அப்பளமும் தின்றிருக்கிறாய். காத்திருக்கும் அறையில்தான் என்னிடம் ஒப்புக்கொண்டாய். "பிபி ஏறினா அவங்களே வேணாம்னுடுவாங்கல்ல." நர்ஸ் அளந்து பார்த்தார். 118க்கு 76. காலேஜ் பையனுக்கு இருப்பது போல் இருக்கிறது என்று பாராட்டினார். ஒரு நல்ல செய்தியைக் கேட்டு ஒரு மனிதன் அப்படி இடிந்துபோய் உட்கார்ந்ததை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

தானம் கொடுப்பவரின் பக்கம் நின்று பேசுவதற்கென்றே மருத்துவமனை ஒருவரை வைத்திருக்கும். நீ அவரைச் சந்தித்த நாளில் அண்ணியும் ஒரு ஃபைலோடு வந்திருந்தார். உன்னைக் கேட்ட முதல் இரண்டு கேள்விகளுக்கும் அண்ணியே பதில் சொன்னார். அந்தப் பெண்மணி அண்ணியை மரியாதையாக வெளியே அனுப்பிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டார். நாற்பது நிமிடம். அண்ணி கிளம்பிய பிறகு பார்க்கிங் லாட்டில் என்னிடம் சொன்னாய்.

"வேணாம்னுட்டேன்."

"ஏன்னு கேட்டாங்களா?"

"கேட்டாங்க. பயமா இருக்குன்னேன். அவ்வளவுதான்டா. பெருசா ஒரு காரணம் இருந்திருந்தா அண்ணன்கிட்டயே சொல்லியிருப்பேனே." காரின் கதவைப் பிடித்தபடி நின்றாய். "இது எழுதறதுக்கு இல்ல. சொல்றதுக்கும் இல்ல."

சரி என்றேன். முப்பது வருடத் தொழிலில் அப்படிக் கொடுத்த வாக்கை நான் மீறியதில்லை.

மருத்துவமனை உன் அண்ணனிடம் சொன்னது, நீ தானத்துக்கு ஏற்றவன் இல்லை என்பதை மட்டும். காரணம் சொல்ல மாட்டார்கள். விருப்பமில்லாதவர் குடும்பத்துக்கு அஞ்சாமல் விலகிக்கொள்வதற்காகவே அந்த ஏற்பாடு. நானே அதைப் பாராட்டிக் கட்டுரை எழுதியிருக்கிறேன். நீ அதைத் தெரிந்துகொண்டதும் அந்தக் கட்டுரையில்தான்.

நான் எழுதாமல் விட்டது ஒன்று உண்டு. நம் வீடுகளில் டாக்டர் காரணம் சொல்லவில்லை என்றால், சொல்ல முடியாத அளவுக்குப் பெரிதாக ஏதோ இருக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். ஒரு வாரத்தில் நீ நோயாளி ஆகிவிட்டாய். பிறந்தநாள் விருந்துகளில் உனக்கென்று உப்பில்லாத சாம்பார் தனியாக வந்தது. அண்ணி வாழைத்தண்டுச் சாறு கொடுத்தனுப்பினார். உன் மனைவி ஊறுகாய் ஜாடிகளை எடுத்து யாருக்கோ கொடுத்துவிட்டார். டயாலிசிஸ் நாற்காலியில் சாய்ந்தபடி உன் அண்ணன் உன்னை நலம் விசாரித்தார். "நல்லா இருக்கேன்னா நம்ப மாட்டேங்கறார். சுமாரா இருக்குன்னா அழறார். நான் என்னதான்டா சொல்றது?" என்று கேட்டாய். மூன்று வருடம் அந்த உணவைச் சாப்பிட்டாய்.

அலுவலகத்தில் மாரடைப்பு வந்து நீ போனபோது, உன் உடலருகே அண்ணி சொன்னார், "அன்னைக்கே டாக்டருங்களுக்குத் தெரிஞ்சிருக்கு, பாத்தீங்களா." நான் இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன்.

உன் மகளுக்கு இரண்டு நாள் பதில் போடவில்லை. அந்த வரி படிவத்தில் இருந்தால், இல்லாத நோயை அவள் உடம்பில் தேடுவார்கள். அவளும் அந்தப் பயத்தோடு காலம் தள்ளுவாள். அல்லது அந்த வரியைக் காட்டியே அவளை வேண்டாம் என்று அனுப்பிவிடலாம். அது அவளுக்கு நல்லதாகவே முடியலாம். நான் வாயைத் திறந்தால், மறுக்க ஒரு காரணமும் இல்லாத ஆரோக்கியமான பெண்ணாகிவிடுவாள். எந்தப் பக்கம் திரும்பினாலும் நீ நின்றாய்.

இன்று மதியம் அவள் அலுவலகத்துக்கு வெளியே, அவள் காரில் உட்கார்ந்து பேசினோம். முதலில் நான் கேட்டேன். "உனக்குக் கொடுக்கணும்னு இருக்காம்மா?"

"பெரியம்மா ஆல்ரெடி டெம்பிள் குரூப்ல போஸ்ட் பண்ணிட்டாங்க அங்கிள்."

நான் கேட்டதற்கு அது பதில் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. சொல்லிவிட்டேன்.

"அப்பா ஹெல்தியாவா இருந்தார்?"

"ரொம்ப."

"அப்போ? ஜஸ்ட் பயமா?"

"பயம்தான்."

முன்கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "த்ரீ இயர்ஸ் அம்மா உப்பில்லாம சமைச்சாங்க. ஒரு வார்த்தை சொல்லலையே. நான்லாம் கூகுள் பண்ணிப் பண்ணி அழுதேன் அங்கிள்." கோபப்பட்டாள். நியாயமான கோபம். உன் சார்பில் நான் வாங்கிக்கொண்டேன். பிறகு மெதுவாகக் கேட்டாள். "ஸோ, நானும் அந்த ரூம்ல நோ சொன்னா யாருக்கும் தெரியாதா?"

"தெரியாது. உனக்கு மட்டும் தெரியும்."

மடியில் இருந்த படிவத்தை எடுத்து உன்னைப் பற்றி எழுதியிருந்த வரியை அடித்தாள். "பெரியப்பா இப்பவும் அப்பாவை நினைச்சு அழறார். அவர்கிட்ட சொல்லணும் போல இருக்கு. சொல்லவும் முடியாது. இப்ப நானும் மாட்டிக்கிட்டேன் அங்கிள்."

உனக்குக் கொடுத்த வாக்கை மீறிவிட்டேன். மன்னிப்புக் கேட்க இதை எழுதவில்லை. உனக்கு விவரம் தெரிய வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். நீ பயந்தவன் என்பது இத்தனை நாள் என்னிடம் மட்டும் இருந்தது. அது எனக்கு ஒருநாளும் கேவலமாகப் பட்டதில்லை. மூன்று வருடம் நீ அந்தச் சாம்பாரைச் சாப்பிடுவதைப் பார்த்தும் சும்மா இருந்தேனே, அதுதான் இன்னும் என்னோடு இருக்கிறது.

மீதி நிலவரம் இது. வரும் புதன்கிழமை காலை பத்து மணிக்கு அவளைத் தனியே கூப்பிட்டுப் பேசுகிறார்கள். அண்ணி கூட வருகிறேன் என்றாராம். வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாள். அதற்கடுத்த வெள்ளியன்று மருத்துவக் குழு கூடுகிறது. அன்று மாலைக்குள் உன் அண்ணனுக்குப் போன் வரும். ஏற்றவர் இல்லை என்று வந்தால், அது டாக்டர்கள் சொன்னதா அவள் சொன்னதா என்று நான் கேட்கப்போவதில்லை. அவளிடமும் அதைச் சொல்லிவிட்டேன்.