கோழிக்கு மட்டும் தனி வயிறா

அன்புள்ள அண்ணனுக்கு,

அப்பா, அம்மா, நான், பண்ணையிலுள்ள அறுநூறு கோழிகள் எல்லோரும் சுகம் என்று இதே உறைக்குள் இருக்கும் அப்பாவின் கடிதத்தில் படித்திருப்பாய், அப்பாவின் கண்ணாடி உடைந்த நாள் முதல் அவர் சொல்லச் சொல்ல எழுதுவது நான்தானே, அதில் அப்பாவும் அம்மாவும் சுகம் என்பது மட்டும் உண்மை. கோழிகளில் நாற்பது செத்துவிட்டன. நீ சுகமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். அப்பா புரண்டு படுத்தால் கட்டில் கிறீச்சிடும், அதைக் கேட்டதும் விளக்கை அணைத்துவிடுவேன், அதனால் எழுத்து கோணலாக இருந்தால் திட்டாதே.

இரண்டு மாதத்துக்கு முன் எண்ணெய் ஆலை மேஸ்திரி வந்து தேநீர் குடித்தார், அதுதான் ஆரம்பம். சோயாவை விட்டுவிட்டுப் பருத்திக்கொட்டைப் புண்ணாக்கு போடுங்கள், பாதி விலை என்றார். அப்பா அவரை ஏதோ பெரிய டாக்டர் மாதிரி வாசல்வரை போய் வழியனுப்பினார். மாடுகளுக்கு மட்டும் என்று மூட்டையிலேயே அச்சடித்திருக்கிறது, அந்தச் சாக்கைத்தான் அப்பா கொட்டகை வாசலில் கால்மிதியாகப் போட்டு தினமும் அதன்மேல் காலைத் துடைத்துவிட்டு உள்ளே போகிறார். நான் மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். “மாடு தின்னுட்டு மலை மாதிரி நிக்குது, கோழிக்கு மட்டும் என்ன தனி வயிறா?” என்றார். தனி வயிறுதான் அண்ணா. பருத்திக் கொட்டையில் காசிபால் என்று ஒரு விஷம் தானாகவே இருக்கிறதாம், பூச்சி தின்னாமலிருக்கச் செடி வைத்துக்கொள்வது, வளர்ந்த மாட்டின் வயிறு ஓரளவு அதை முறித்துவிடும், கோழியால் முடியாது என்று பள்ளி நூலகப் புத்தகத்தில் போட்டிருக்கிறது. புத்தகம் தேநீர் குடிக்க வராததால் அப்பா அதை நம்பமாட்டார்.

பிறகு பேக்கரிக்காரர் பதினைந்து அட்டை முட்டையைத் திருப்பி அனுப்பினார். புதிதாக உடைத்தால் ஒன்றும் தெரியாது, குளிர் அறையில் சில வாரம் இருந்தால் மஞ்சள் கரு பாசி பிடித்த மாதிரி ஆகிவிடுகிறது. நம் கோழி அப்படிப் போடாது, யாரோ திருட்டுப்பயல் நல்லதை எடுத்துக்கொண்டு கெட்டதை வைக்கிறான் என்று அப்பா துப்பறிந்துவிட்டார். போன மாதம் ஆறு முட்டை குறைந்ததுதான் அவருக்கு ஆதாரம். காசிபால் முட்டைக்குள்ளும் இறங்கி, நாள் பட்டால் மஞ்சள் கருவைப் பச்சையாக்கும் என்று அதே புத்தகத்தில் இருந்தது, அதைச் சோதிக்க அந்த ஆறையும் எடுத்தது நான். அவற்றையும், அம்மா கொல்லையில் வளர்க்கிற, புண்ணாக்கையே பார்க்காத கோழிகளின் ஆறையும் நம் குளிர் அறையில் பழைய அட்டைகளுக்குப் பின்னால் ஒளித்துவைத்து, நேற்று இரண்டு தட்டுகளில் உடைத்தேன். கொல்லைக் கோழியுடையது எல்லாம் மஞ்சள். நம் பண்ணையுடையதில் ஐந்து பச்சை. அம்மா பார்த்தாள், கோபப்படவில்லை, தட்டுகளைக் கழுவிக்கொண்டே, “இதை நீயும் நானும் சொன்னா அவரு கேக்கமாட்டாரு, உன் அண்ணன் சொன்னா வேதவாக்கு” என்றாள். நீ வேதியியலில் இரண்டு முறை தவறியதை அவளுக்கு நினைவுபடுத்தினேன். அதெல்லாம் கணக்கில் வராதாம்.

இப்போது அப்பாவின் கடிதத்தின் கடைசிப் பத்தியை எடுத்துப் பார். பண்ணைக்குக் காவல் வேண்டும், வெளியாளை நம்ப முடியாது, இவளைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிடுகிறேன், கட்டணம் கட்டுகிறவன் நீ என்பதால் உன் சம்மதம் எழுது என்று கேட்டிருக்கிறார். அந்த வரியையும் என்னைத்தான் எழுதச் சொன்னார். கண்ணாடி இல்லாமலே தெரிகிற அளவுக்கு அந்த வரி கோணலாக இறங்கியது, கையெழுத்து ஏன் கெட்டுவிட்டது என்று அம்மாவிடம் காட்டிக் குறைபட்டார்.

ஆறு முட்டை எடுத்தது நான் என்று அவருக்குச் சொல்ல எனக்குப் பயம். அதனால் நீயே எழுது, உன்னுடன் வேலை செய்கிற யாரோ சொன்னதாகச் சொல், முட்டை பச்சையாவது திருடனால் இல்லை, புண்ணாக்கால்தான், அதை நிறுத்தச் சொல், பெருமை உனக்கே இருக்கட்டும், எனக்கு வேண்டாம். எனக்குப் பள்ளிக்கூடம் போதும்.

உடம்பைப் பார்த்துக்கொள், வெறும் வயிற்றில் வேலைக்குப் போகாதே, துணியை மடித்து வை. நீ நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் தினமும் நினைக்கிறேன். ஒன்றை மட்டும் மறக்காதே. உன் பதிலை அப்பாவுக்கு உரக்கப் படித்துக் காட்டப்போவது நான்தான். ஒரு சொல்லையும் மாற்றமாட்டேன். சரி, இவளைப் பள்ளியிலிருந்து நிறுத்துங்கள் என்று நீ எழுதியிருந்தால் அதையும் நின்றுகொண்டு படிப்பேன்.

இப்படிக்கு,
உன் தங்கை